ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

கேரள எல்லையில் உள்ள எங்கள் மருத்துவமனைக்கு முதன்முதலாக வந்த அன்று அவர் கணினியைத் தொடவே இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சர்வர் அறையின் குளிருக்குத் துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மென்பொருள் கம்பெனி அனுப்பிய இரண்டு என்ஜினீயர்கள் அவருக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். புதிய மென்பொருளை அவர்கள் மூன்று முறை ஏற்றிப் பார்த்திருந்தார்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றுபோனது.

"லாக் பிரிண்ட் எடுத்துத் தாங்க" என்றார்.

ஏற்றும்போது என்னென்ன நடந்தது என்று கணினி தானே எழுதிவைக்கும் குறிப்பு அது. ஒரு என்ஜினீயர் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டினான்.

"முழுசும் வேணும். கடைசி வரி செத்த இடமாக்கும். சாவு எங்க தொடங்குச்சுன்னு பாக்க மேல போணும்லா."

அறுபது பக்கத்துக்கு மேல் இருந்தது. அதைக் கையில் வாங்கி, முதல் வரியிலிருந்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து, "இந்த மிஷின எப்பமாவது முழுசா ஆஃப் பண்ணுவியளா?" என்று கேட்டார்.

என்ஜினீயர்கள் இல்லை என்றார்கள். எலக்ட்ரீஷியன் இல்லவே இல்லை என்றார். எங்கள் நிர்வாகி, "யூபிஎஸ் உண்டு. ஒருக்கலும் ஆஃப் ஆகில்லா" என்று மலையாளத்தில் அடித்துச் சொன்னார். எல்லோரும் சொன்னதை அவர் ஒரு நீள நோட்டில் எழுதினார், யார் சொன்னது என்பதோடு.

நான் பதிவு கவுண்டரில் இருப்பவள். சாவி கொடுக்க வந்தவள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "இடி வெட்டினா நாங்க பிளக்க ஊரிப் போடுவோம் அக்கா" என்றேன். "முன்ன ஒருக்க மின்னல் அடிச்சு ஒரு மிஷின் கரிஞ்சு போச்சு. அதுக்குப் பொறவு எப்பளும் ஊருவோம்."

நிர்வாகி என்னை முறைத்தார். அவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். இயந்திரத்துக்குள் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் இயந்திரத்தின் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். புது மென்பொருளின் உரிமம் இந்த வருஷம்தான் தொடங்குகிறது. இயந்திரத்தின் கணக்கில் அந்த வருஷம் இன்னும் வரவில்லை, அதனால் நின்றுகொண்டே இருந்தது. ஜங்ஷனில் உள்ள வாட்ச் கடையில் வட்டமாய் ஒரு பேட்டரி வாங்கி வந்து போட்டதும் ஏறிவிட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் திரையில் வந்த பச்சை நிற வரியைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன அக்கா, செரியாச்சுல்லா?"

"செரியாகலன்னு கத்திட்டு நின்னப்ப எனக்கு ஒரு பேடியும் இல்ல மக்கா. இப்பமாக்கும் பேடி." பேடி என்றால் எங்கள் பக்கம் பயம்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கோட்டுகால் பக்கம் வீடு. அப்பாவும் அப்பாவின் அப்பாவும் சர்க்கார் குமாஸ்தாக்களாக இருந்த குடும்பம். அவர் எந்தக் கம்பெனியிலும் இல்லை. எங்காவது ஒரு மென்பொருள் ஏறாமல் நின்றுபோனால், பழைய தரவுகளைப் புதிய இடத்துக்கு மாற்றும்போது எங்காவது சிக்கினால், கம்பெனிக்காரர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே அந்த வேலைக்கு அவர் ஒருவர்தான் என்று என்ஜினீயர்கள் சொன்னார்கள். சொல்லும்போது அவர்கள் குரலில் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. எது முடிந்தாலும் முடிந்தது என்று அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒருமுறை அவருடைய கணவர் காரில் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தார். விளையாட்டாக என்னிடம் சொன்னார்: "எனக்கிட்ட சாப்பிட்டாச்சான்னு கேப்பா. ஆச்சுன்னு சொன்னா அடுக்களைல போய் சட்டியத் தொறந்து பாப்பா." அக்காவும் கூடவே சிரித்தார். ஆனால் கார் கதவைச் சாத்திய பிறகு, உள்ளிருந்தே அதை ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

எதனால் இப்படி ஆனார் என்று ஒருநாள் கேன்டீனில் அவரே சொன்னார். சில வருஷங்களுக்கு முன் காட்டாக்கடை பக்கம் ஒரு கல்லூரியில் மதிப்பெண்களைப் புதிய கணினிக்கு மாற்றும் வேலை. பழையதில் எத்தனை பேர் இருந்தார்களோ புதியதிலும் அத்தனை பேர். எண்ணிக்கை அச்சாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பழைய முறையில், பரீட்சைக்கு வராதவருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும். புதியது காலியை எல்லாம் பூஜ்யமாக வாசித்தது. டெங்கு வந்து பரீட்சை எழுதாமல், மறுபரீட்சைக்கு அனுமதி வாங்கியிருந்த ஒரு பெண், பூஜ்யம் வாங்கித் தோற்றவளாக ஆகிவிட்டாள். அந்தச் சான்றிதழோடு வேலைக்குப் போன இடத்தில் எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பொறவு திருத்திக் குடுத்தாங்கல்லா?"

"குடுத்தாங்க. ஏழு மாசம் ஆச்சு. நான் அவளுக்க வீட்டுக்குப் போனேன். கதவத் தொறக்கல்ல. அம்மக்காரி ஜன்னல் வழியா சொன்னா, அவ இப்பம் யாரையும் பாக்கதில்லன்னு." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "என்னைய யாரும் குத்தம் சொல்லல கேட்டியா. எண்ணிக்க செரியா இருந்துச்சுல்லா. எண்ணிக்க செரியா இருந்தாப் போராது பிள்ளே. ஆளு செரியா இருக்கணும்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம். எந்த இடத்துக்குப் போனாலும், அந்தத் தரவை முதன்முதலில் கையால் அடிப்பவர்கள் யாரோ அவர்களிடம் போய் உட்காருவார். என்ன அடிக்கிறீர்கள், தெரியாவிட்டால் என்ன போடுவீர்கள், அவசரத்தில் எதை விடுவீர்கள் என்று கேட்பார். சொல்வதை எழுதிக்கொள்வார். பிறகு சொன்னது உண்மைதானா என்று பத்துப் பேருடைய பதிவைத் தானே எடுத்துப் பார்ப்பார். எங்கள் மருந்துக் கடையில் பார்த்தார். பரிசோதனைக் கூடத்தில் பார்த்தார். இரண்டு இடத்திலும் சொன்னது ஒன்று, இருந்தது ஒன்று. யாரையும் திட்டவில்லை. எல்லோரும் அவரைக் கண்டால் ஒதுங்க ஆரம்பித்தார்கள்.

என் கவுண்டருக்கு அவர் வந்தது கடைசியில். பழைய நோயாளிகளின் பதிவுகளைப் புதியதற்கு மாற்ற இரண்டு நாட்கள் இருந்தன. திங்கட்கிழமை திறப்பு விழா. பந்தல்காரர்கள் வாசலில் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகியும் கூடவே வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

"பொறந்த தேதி தெரியாதவிய வந்தா நீங்க என்ன போடுவிய?" என்று நீள நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்.

இதை நான் விளக்க வேண்டும். எங்கள் பழைய கணினியில் பிறந்த தேதி போடாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. காலையில் ஏழரை மணிக்கே வரிசை வாசல் தாண்டி நிற்கும். "ஒனக்கு எத்தன வயசு அம்மே?" என்றால், "அறுபதோ அறுபத்தஞ்சோ இருக்கும்" என்பார்கள். நான் வயதைக் கழித்து வருஷத்தைப் போடுவேன். நாளுக்கும் மாதத்துக்கும் ஒன்று, ஒன்று. ஜனவரி ஒன்று. போகப் போக, வயது கொஞ்சம் கூடினவர்கள் வந்தால் கேட்பதையே விட்டுவிட்டேன். விரல் தானாக ஒன்று ஒன்று என்று அடித்துவிடும். ஒன்பது வருஷம் அப்படித்தான் அடித்தேன்.

அடையாள அட்டை பார்த்துத்தான் போட வேண்டும் என்பது விதி. முந்தின மாதம்தான் தப்பாகப் பதிந்ததற்காக அடுத்த கவுண்டர் பெண்ணை நிர்வாகி வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். அவள் அழுதுகொண்டே சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். எனக்கு ஒப்பந்த வேலை. நிர்வாகி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்டு பாத்துதான் போடுவோம் அக்கா" என்றேன்.

அவர் எழுதப் போனார். பேனா ஒரு கணம் தாளின் மேல் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். "பத்து பேர எடுத்துப் பாக்கட்டா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"இனி சமயமில்லா சேச்சி" என்றார் நிர்வாகி. "திங்களாழ்ச்ச உத்காடனம் ஆணு."

அவர் என்னைப் பார்த்தபடியே சொன்னார்: "செரி. இந்தப் பிள்ள சொன்னா செரியா இருக்கும். இடி வெட்டினா ஊருவோம்னு சொன்ன பிள்ளயாக்கும்."

அவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று எனக்கு அப்போது தெரியாது. புதிய மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. வீட்டுப்பேரும் இனிஷியலும் நீங்கலான பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இந்த மூன்றும் ஒத்துப்போனால், இரண்டு பதிவுகளும் ஒரே ஆளுடையவை என்று எடுத்துக்கொண்டு ஒன்றாகச் சேர்த்துவிடும். எல்லைப்புறத்தில் ஒரே ஆள் இரண்டு மூன்று முறை பதிந்திருப்பது வழக்கம். இந்தப் பக்கம் ஒரு விலாசம், தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு விலாசம். இங்கே வீட்டுப்பேர் பின்னால், அங்கே இனிஷியல் முன்னால். அவற்றைச் சேர்க்கத்தான் அந்த வசதி. பிறந்த தேதி உண்மையாக இருந்தால் நல்ல வசதிதான். அதை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று முடிவு செய்வதற்காகத்தான் அவர் என்னிடம் கேட்டார். நான் சொன்னதை நம்பி வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை குத்துவிளக்கு ஏற்றினார்கள். லட்டு கொடுத்தார்கள். அவர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் கவுண்டர் பக்கம் வந்து நின்றார். "எல்லாம் நல்லா போவுதா?" என்றார். "நல்லா போவுது அக்கா" என்றேன். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் காரோடு என்ற ஊரிலிருந்து ராஜம்மா என்ற அம்மாள் காலில் காயத்தோடு வந்தார். காயம் பழுத்திருந்தது. டாக்டர் ஊசி எழுதினார். ஊசி போடும் நர்ஸ் விதிப்படி கேட்டிருக்கிறாள், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று.

"ஏதோ ஒரு ஊசி ஆவாதுன்னு முன்ன சொன்னாவ பிள்ளே. பேரு அறியாது."

நர்ஸ் திரையைப் பார்த்தாள். ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தது. இதே ஊசி முன்பு இரண்டு முறை போட்டிருப்பதாகவும் இருந்தது. திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பிக் காட்டி, "இஞ்ச பாருங்க, நீங்க இத ரெண்டு மட்டம் போட்டிருக்கிய. ஒண்ணும் ஆவல" என்றாள். ராஜம்மா அந்த வெளிச்சத்தைப் பார்த்து, "அப்பம் செரியாயிருக்கும்" என்று கையை நீட்டினார்.

இரண்டு முறை போட்டுக்கொண்டவர் களியக்காவிளை ராஜம்மா. இரண்டு பேருக்கும் ஒரே வயது. இரண்டு பேருக்கும் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தநாள், நான் கொடுத்தது. பழைய கணினியில் காரோட்டு ராஜம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒவ்வாமைக்கான சிவப்புக் குறி, சேர்க்கும்போது அழிந்துபோயிருந்தது.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் ராஜம்மாவைத் தள்ளுவண்டியில் என் கவுண்டரைத் தாண்டித்தான் கொண்டு போனார்கள். முகம் வீங்கி, கண் தெரியவில்லை. ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஐந்து நாளும் அவர் மகன் என் கவுண்டருக்கு எதிரே உள்ள நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

விசாரணைக்கு அக்காவை வரவழைத்தார்கள். கான்பரன்ஸ் அறையில் நிர்வாகி, டாக்டர்கள், கம்பெனிக்காரர்கள். பதிவு கவுண்டர் சார்பில் என்னையும் கூப்பிட்டார்கள். சேர்க்கும் வசதியை ஏன் எடுத்துவிடவில்லை என்று கேட்டபோது அவர் நீள நோட்டைத் திறந்தார். என் பெயர் அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கத்தில் என்றுகூடத் தெரியும் போல இருந்தது.

அவர் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார்.

"கேட்டேன். பத்து பேர எடுத்துப் பாத்திருக்கணும். பாக்கல்ல. தப்பு எனக்கதாக்கும்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இனிமேல் வர வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மறுநாள் காலையில் அவர் வந்தார். நேராக என் கவுண்டருக்கு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கேட்டார்.

"பொறந்த தேதி தெரியாதவியளுக்கு என்ன போடுவ மக்கா?"

"ஒண்ணு ஒண்ணு" என்றேன். அழுகை வந்தது.

"நீ பேடிச்சது எனக்கு அன்னைக்கே கண்டுது. கண்டுட்டும் விட்டேன். கரையாண்டாம், கண்ணத் தொடச்சுக்கோ. ஆளுகளப் பிரிக்கணும். வா."

நிர்வாகிக்கும் வேறு வழி இருக்கவில்லை. அந்த வேலையைச் செய்ய வேறு யாருக்கும் தெரியவில்லை. ஸ்டோர் ரூமில் பழைய ஓபி சீட்டுகள் மூட்டை மூட்டையாக இருந்தன. ஜனவரி ஒன்றில் பிறந்து ஒன்றாகிப்போனவர்களின் பட்டியலை அவர் எடுத்தார். நான் சீட்டுகளைத் தேடி எடுப்பேன். அவர் விலாசம் பார்த்து, கையெழுத்துப் பார்த்து, இரண்டு ஆளாகப் பிரிப்பார். பிறகு இரண்டு பேருக்கும் போன் செய்து, "நீங்க இப்பம் என்ன மருந்து சாப்பிடுதிய? எடுத்து வாசிங்க" என்று கேட்பார். வாசிக்கத் தெரியாதவர்களிடம் நிறம் கேட்பார். மூன்று வாரம் இப்படிப் போனது. இடையில் ஒருநாள், "இதுல எத்தன பேருக்கு இப்படி ஆயிருக்கும் அக்கா?" என்று கேட்டேன். அவர் அடுத்த சீட்டுக்குக் கை நீட்டினார்.

கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். காஞ்சிரங்குளம் பக்கம், கிருஷ்ணன் என்று ஒரு பெரியவர். போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "நேர்ல போவலாம்" என்றார் அக்கா. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பஸ்ஸில் இறங்கி, வாழைத்தோட்டத்துக்கு நடுவில் போகும் பாதையில் விசாரித்துக்கொண்டு நடந்தோம்.

அவரோடு நான் எங்கேயும் போனது அந்த ஒரு முறைதான். அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை. அந்த வேலையை விட்டுவிட்டதாக ஒருவர் சொன்னார். கொல்லத்தில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். நானும் அடுத்த மாதம் மருத்துவமனையை விட்டு நின்றுவிட்டேன்.

வீட்டில் மகள் மட்டும் இருந்தாள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும், ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"அப்பா போய் பதினெட்டு நாளாச்சு. காலைல எழும்பல்ல. ஒறக்கத்திலயே போயிட்டாரு. வயசாச்சுல்லான்னு டாக்டர் சொன்னாரு. புண்ணியமான சாவுன்னு எல்லாரும் சொன்னாவ."

அக்கா என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு, "கடைசியா சாப்பிட்ட மாத்திர இருக்கா மோளே?" என்று கேட்டார். மகள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தாள். அவர் சர்க்கரை மாத்திரையின் அட்டையைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என்னிடமிருந்த சீட்டை வாங்கி ஒப்பிட்டார். இரண்டு கிருஷ்ணன்களுக்கும் அதே மாத்திரைதான். இவருக்கு எழுதியிருந்த அளவு பாதி. அட்டையில் இருந்தது முழு அளவு. எங்கள் மருந்துக் கடையின் முத்திரை அதில் இருந்தது. நாலு மாத்திரை காலியாகியிருந்தது.

அட்டையை டப்பாவில் திரும்ப வைத்து, மூடி, மகளிடம் கொடுத்தார். நாங்கள் விடைபெற்றுக்கொண்டு பாதைவரை வந்தோம்.

"அதனாலயா அக்கா செத்தாரு?" என்று கேட்டேன்.

"அறியாது. இனி யாராலயும் அறியவும் ஒக்காது." கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆனா அவகிட்ட சொல்லணும்."

"சொல்லாண்டாம் அக்கா. அவ நிம்மதியா இருக்கா."

"அந்த நிம்மதிய நாம வச்சுக் குடுத்ததாக்கும். உள்ள என்ன இருக்குன்னு அவ பாக்காண்டாமா?"

திரும்பி நடந்தார். நானும் பின்னால் போனேன். முற்றத்தில் நின்றபடியே அவர் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு கிருஷ்ணன்கள், ஒரே பிறந்த தேதி, ஒன்றாகிப்போன பதிவு, மாத்திரையின் அளவு, அளவு கூடினால் உறக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம் என்பது. இதனால்தான் என்று சொல்ல முடியாது என்பதையும், இதனால் இல்லை என்று சொல்ல முடியாது என்பதையும் சொன்னார். தப்பு தன்னுடையது என்றார். மகள் தோளில் கிடந்த துணியைக் கையில் எடுத்து முறுக்கிக்கொண்டே கேட்டாள். தண்ணீர் சொட்டி அவள் கால் நனைந்தது.

"அக்காவுக்கது இல்ல" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "நானாக்கும் அந்தத் தேதியப் போட்டேன். தேதி தெரியாதவியளுக்கு எல்லாம் நான் ஜனவரி ஒண்ணுன்னு போடுவேன்."

மகள் அப்போதுதான் என்னை முழுதாகப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தேதி தெரியுமே" என்றாள். "சிங்ஙம் மாசம் ஏழாந்தேதி. வருசா வருசம் நான் பாயசம் வைக்கதுண்டு. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."